ஒன்பதாம் அறைக்கு வாசல் இல்லை

தனேஷ் இதைக் கண்டுபிடித்தபோது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மணி மூன்று இருபது. அதற்கு இரண்டே நிமிஷம் முன்னால்தான் மூன்று பேரை ஒன்பதாம் அறைக்குள் தள்ளிவிட்டிருந்தான்.

கைப்பேசியில் இருந்த வரைபடத்தை விரலால் விரித்துப் பெரிதாக்கினான். நான்காம் அறையிலிருந்து ஒரு சறுக்குக் குழாய் ஒன்பதுக்கு இறங்குகிறது. குழாயின் வாயில் இரும்பு மூடி. மேலிருந்து தள்ளினால் திறக்கும், கீழிருந்து திறக்காது. சரி, நல்ல பொறிதான். விழுந்தவர்கள் வெளியே போக? நான்கு பக்கமும் தடித்த கறுப்புக் கோடு. கதவு இல்லை, சுரங்கம் இல்லை, ரகசிய வழி என்று சொல்ல ஒரு சின்னப் புள்ளிக்கோடுகூட இல்லை. கைப்பேசியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான். தலைகீழாகவும் இல்லை.

"என்னடா மூஞ்சி இப்பிடிப் போவுது?" என்றான் வாசு. "பெருசா ஒண்ணு வருது லா. சிவா, வாளை எடு மாச்சா."

சிவநேசன் தலையை மட்டும் ஆட்டினான். அவன் எப்போதும் அப்படித்தான்.

நிஜத்தில் யாரும் எங்கும் விழவில்லை. நான்கு பேரும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில், வாசுவின் அத்தை புஷ்பவல்லி நடத்துகிற டியூஷன் சென்டரில், பிள்ளைகளின் மேசைகளை ஒட்டிப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைப் பலகையில் யாரோ அழிக்காமல் விட்டுப்போன அல்ஜிப்ரா. சுவரில் பழைய பெரிய டிவி. இது உட்கார்ந்த இடத்திலேயே ஆடுகிற கதை விளையாட்டு. ஒருவர் உலகத்தைச் சொல்வார், அவர் ஜி.எம். மற்றவர்கள் அந்த உலகத்தில் ஆளுக்கொரு வேஷம் எடுத்து, நான் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்பார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்று இருபது முகமுள்ள பகடை தீர்ப்புச் சொல்லும். வாசு பூனைக்கால் என்கிற திருடன். சிவநேசன் மலையன் என்கிற போர்வீரன். ரமணி மின்மினி என்கிற வழிகாட்டி. மூன்று வருஷமாக அதே ஆட்கள், அதே வேஷங்கள். ஜி.எம். தனேஷ்.

தனேஷுக்குக் கிள்ளானில் வீடு. தெலுக் பங்லிமா காராங்கில் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை. பெட்டி வளைந்திருக்கிறதா, பசை பிடித்திருக்கிறதா என்று பன்னிரண்டு மணி நேரம் பார்க்க வேண்டும். ஆறு நாளும் அவன் வாயிலிருந்து வருவது 'ஓகே', 'ரிஜெக்ட்' என்ற இரண்டே சொல். ஏழாம் நாள் கொமுட்டர் ரயில் பிடித்து இந்த மாடிக்கு வந்து, ஜி.எம். நாற்காலியில் உட்கார்ந்து, மழை பெய்கிறது என்று சொன்னால் மூன்று பேர் நனைவார்கள். அந்த நாற்காலி இல்லாத ஒரு வாழ்க்கையை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

போன மாதம் அந்த நாற்காலி ஆட்டம் கண்டது. ஆட்டியது ரமணி.

ரமணிதான் இந்த மேசையை ஆரம்பித்தவள். கட்டடக்கலை அலுவலகம் ஒன்றில் வரைபடம் வரைகிறாள். வாசு கிள்ளானுக்குப் பக்கத்து மேருவிலிருந்து அவள் ஓட்டிவரும் காடியில் ஒட்டிக்கொண்டு வருகிறவன், செந்தூலில் இருக்கும் சிவநேசனை அழைத்து வந்தவளும் அவளே. அவள் எழுந்து போனால் மேசையே போய்விடும். அன்றைக்குப் பகடைகளைப் பைக்குள் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"தனேஷ், நாலு ஊரு போய்ட்டோம். நாலு ஊர்லயும் சத்திரக்காரனுக்கு ஒரு கால் நொண்டி. நாலு குகையிலயும் ஈரமான செம்பு வாசனை. இதெல்லாம் நீ எழுதுறதா, மெஷின் எழுதுறதா?"

மெஷின் என்று அவள் சொன்னது ஓர் இணையதளத்தை. எத்தனை ஆட்கள், எவ்வளவு கஷ்டம், குகையா கோட்டையா, எத்தனை அறைகள் என்று நான்கு பெட்டியில் தட்டி ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். வரைபடம், பிராணிகள், ஊர்க்காரர்களின் பெயர்கள், உரக்கப் படிக்க வேண்டிய வர்ணனை எல்லாம் அரை நிமிஷத்தில் கொட்டும். நான்கு மாதமாகத் தனேஷ் அதைத்தான் கொட்டிக்கொண்டிருந்தான். ஒப்புக்கொண்டான்.

"சரி. இன்னொரு தடவ மெஷின் கதைய தூக்கிட்டு வந்தே, நான் வரமாட்டேன். சண்டையெல்லாம் இல்ல. ஞாயித்துக்கெழம எனக்கும் ஆயிரம் வேல இருக்கு."

"இல்ல ரமணி, அடுத்தது முழுக்க கையால எழுதுறேன். பாரேன்."

எழுதத்தான் பார்த்தான். தாளைத் தேடி எடுப்பான், பேனா திறப்பான், 'ஒரு ஊர்' என்று எழுதுவான். அதற்குள் ஃபெக்டரி வேன் வாசலில் ஹாரன் அடிக்கும். மூன்று ஞாயிறு, ஓவர்டைம் என்று சொல்லித் தள்ளிப்போட்டான். நேற்று சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில், கேன்டீனில் தட்டில் மீ கோரெங் நூடுல்ஸ் ஆறிக்கொண்டிருக்க, கைப்பேசியில் அந்த நான்கு பெட்டியையும் தட்டிப் பொத்தானை அழுத்திவிட்டான்.

அப்புறம் மெஷினின் கைரேகையைத் துடைத்தான். நொண்டிச் சத்திரக்காரனைத் தூக்கினான். செம்பு வாசனையைத் தேடித் தேடி அழித்தான். குள்ளர்களின் பாழடைந்த நீர்த்தொட்டி என்று இருந்ததைப் பழைய ரயில் பட்டறைக்குக் கீழே இருக்கும் நீர்த்தொட்டி என்று மாற்றினான். சிவநேசன் இருக்கும் செந்தூலின் பழைய ரயில் பட்டறை அவர்களுக்கு ஞாபகம் வந்தால் அசல் மாதிரி இருக்குமே. பெயர்களையெல்லாம் தமிழாக்கினான். சாப்பாட்டு நேரம் நாற்பது நிமிஷமும் இதிலேயே போயிற்று. கடைசி அறையை அவன் திறந்துகூடப் பார்க்கவில்லை.

இன்றைக்கு ஒரு மணிக்கு உட்கார்ந்ததும், "இது பூரா நான் எழுதுனது. ஒரு மாச வேல" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். ரமணி சிரித்தாள்.

"சரி, விழுந்துட்டோம். என்ன தெரியுது?" என்றாள் ரமணி, பென்சிலைக் கையில் எடுத்து.

கைப்பேசியைப் பார்த்துப் படித்தான். "ஒரு பெரிய கல் தொட்டி. நாலு பக்கமும் மலையோட அடிப்பாறை. காலுக்கடியில தண்ணி."

சொல்லி முடிக்கவில்லை, டிவியில் தெரிந்த வரைபடத்தின் ஓரத்தில் நீலக்கோடு ஒன்று எழும்பியது. தண்ணீர் கணுக்கால் அளவு. மெஷின் தானாக வைத்த ஏற்பாடு. பதினைந்து நிமிஷத்துக்கு ஒருதரம் தண்ணீர் ஏறும். நேற்று அதைப் பார்த்து, நல்லா இருக்கே என்று விட்டுவைத்திருந்தான்.

"வோவ்!" என்று கத்தினான் வாசு. "தண்ணி ஏறுதுடா! செமயா மாட்டிவிட்டே!"

ஒரு கதவை இப்போதே வாயால் வைத்துவிட்டால் என்ன? வைக்கலாம். மாட்டிக்கொள்வது ஆட்டம் முடியும் ஐந்து மணிக்கு. ஏனென்றால் இந்த மேசைக்கு ஒரு வழக்கம் உண்டு. விளையாடும்போது டிவியில் வரைபடம் கறுப்புப் போர்வைக்குள் கிடக்கும். நடக்க நடக்க நடந்த இடம் மட்டும் தெரியும். ஆட்டம் முடிந்ததும் ஜி.எம். போர்வையை முழுக்க எடுத்துவிட வேண்டும். எல்லாரும் டிவிக்கு முன்னால் போய் நின்று, தவறவிட்ட கதவுகள், ஒளிந்திருந்த பிராணிகள் எல்லாவற்றையும் பார்த்து அடித்துக்கொள்வார்கள். ஜி.எம். நடுவில் எதையும் மாற்றவில்லை, எல்லாம் முன்னாலேயே இருந்தது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. ரமணி கொண்டுவந்த வழக்கம். மூன்று வருஷத்தில் ஒரு நாள் தப்பியதில்லை. வாயால் வைத்த கதவு அங்கே இருக்காது. சுவரை உடைத்துக்கொண்டு ஒரு பிராணியை வரவைத்தால், அந்தப் பிராணியும் அங்கே இருக்காது.

ஆக, கதவை வரைபடத்திலேயே போட்டாக வேண்டும். மேசையில் இருக்கும் லேப்டாப்பில் போட்டால் எல்லாரும் பார்த்துவிடுவார்கள். லேப்டாப்பின் திரை அப்படியே டிவியில் தெரிகிறது; கிழட்டு டிவி, அதற்கு வேறு வித்தை தெரியாது.

"நான் தண்டாஸ் போய்ட்டு வரேன்" என்று எழுந்தான்.

கழிப்பறைக் கதவைத் தாழிட்டு, கைப்பேசியில் மெஷினைத் திறந்து, திருத்து என்று தட்டினான். வரைபடத்தைத் திருத்தும் வசதி கணினியில் மட்டுமே என்று ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொன்னது. மறுபடி தட்டினான். மறுபடியும் மரியாதை. வெளியே வாசுவின் குரல், "பூனைக்கால் செவுத்த தட்டித் தட்டிப் பாக்குறான்! எங்க உள்ள காலியா பொள்ளாச் சத்தம் கேக்குதுன்னு பாக்குறான்!"

திரும்பி வந்து, "எங்கயும் பொள்ளா இல்ல" என்றான்.

"பகடை உருட்டவே இல்லையே நான்?"

"உருட்டு."

வாசு உருட்டினான். பத்தொன்பது. அவ்வளவு பெரிய எண்ணுக்கு ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும்.

"நல்லாத் தட்டிப் பாத்துட்டே. எல்லா எடமும் கெட்டி. ஷுவரா கெட்டி."

"பத்தொம்போதுக்கு இதானா?" என்று வாசு வாயைப் பிளந்தான். அப்புறம் அவனே பரவசப்பட்டான். "ஓ! அப்ப வழி செவுத்துல இல்ல! வேற எங்கியோ இருக்கு! மாச்சா, இவன் வேற லெவல் யோசிச்சிருக்கான்!"

முழங்கால்.

தனேஷ் மேசைக்கடியில் காலை நீட்டி, டிவிக்குப் போகும் கேபிளைக் கட்டைவிரலால் இழுத்தான். டிவி கறுத்தது. "ஐயோ, கேபிள் லூஸ் போல" என்றபடி லேப்டாப்பில் அவசரமாகத் திருத்தும் பக்கத்தைத் திறந்தான். சுவர், கதவு, படிக்கட்டு என்று சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக வந்தன. கதவின் மேல் அம்பைக் கொண்டுபோனான்.

"இந்த டிவி இப்பிடித்தான், அத்தை கிளாஸ்லயும் படுத்தும்" என்று வாசு ஒரே தாவலில் குனிந்து கேபிளைச் செருகினான். மூன்று விநாடி. டிவி வெளிச்சம் போடுவதற்குள் தனேஷ் லேப்டாப்பின் மூடியைப் படாரென்று அடித்துச் சாத்தினான்.

"ஏன்டா மூடுறே?"

"ஹேங் ஆயிருச்சு. ரீஸ்டார்ட் பண்றேன். கீழ போயி ஒரு தே தாரிக் குடிச்சிட்டு வாங்களேன், அதுக்குள்ள ரெடி ஆயிரும்."

"கீழயா? எப்பிடி? அத்தை கிரில்ல பூட்டிட்டு கோயிலுக்குப் போய்ட்டாங்கல்ல. அஞ்சு மணிக்குத்தான் வருவாங்க."

அது தனேஷுக்கும் தெரியும். படிக்கட்டில் கழற்றிவிட்ட செருப்புகள் ஒருமுறை காணாமல் போனதிலிருந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் புஷ்பவல்லி வெளியே போகும்போது கீழ் கிரில்லைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் போவார். இருந்தாலும் எழுந்து படியிறங்கிப் பார்த்தான். பூட்டு கெட்டியாகத் தொங்கியது. கம்பிக்கு அந்தப் பக்கம் ஐந்தடியில் தெரு. பூக்கடைக்காரர் ஒருவர் மாலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, உள்ள வச்சிப் பூட்டிட்டாங்களா?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே."

"டியூஷன்ல ஃபெயிலா?" என்று சிரித்தார்.

மேலே ஏறி வந்து லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தான்; டிவியில் நீலக்கோடு மறுபடி தெரிந்தது. இடுப்பு.

அதற்குள் மூன்று பேரும் தீவிரமாகியிருந்தார்கள். வாசு இருக்கிற கயிற்றையெல்லாம் எண்ணி, குழாய்க்கு மேலே எறிய எத்தனை முழம் வேண்டும் என்று பார்த்தான். மூடி கீழிருந்து திறக்காது. தொட்டிக்கு அடியில் வடிகால் இருக்குமா என்று காலால் துழாவிப் பார்த்தான். இல்லை. ரமணி தாளில் நான்கு சுவரையும் அளவெடுத்து வரைந்தாள். நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு என்று கேட்டாள். தனேஷ் கைப்பேசியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தான். எதையாவது கண்டுபிடித்துச் சொல், எதையாவது சொல் என்று தன்னையே உலுக்கினான். தலைக்குள் பெட்டிகள்தான் வரிசையாகப் போயின. ஓகே, ஓகே, ரிஜெக்ட். நான்கு மாதத்துக்கு முன்னால், பேச்சுக்கு ஒரு குரங்கைக் கேட்டால் குரங்கு, குரங்குக்கு ஒரு மாமியார், மாமியாருக்கு ஒரு கடை என்று நிற்காமல் வருமே.

"காத்து எங்கேருந்து வருது?" என்றாள் ரமணி.

"என்ன?"

"மூடி மூடியிருக்கு. செவுரு பாற. தண்ணி ஏறுது. தண்ணி ஏறணும்னா காத்து வெளிய போகணும்ல? எங்க போவுது?"

தனேஷ் கைப்பேசியில் ஒன்பதாம் அறையின் வர்ணனையை மேலும் கீழும் ஓட்டினான். கண்ணில் பட்ட வரியை அப்படியே தமிழாக்கி வாய்விட்டுச் சொன்னான். "காத்து... காத்துல ஈரமான செம்பு வாசனை அடிக்குது."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது.

ரமணியின் பென்சில் நின்றது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. தாளில் வரைந்திருந்த நான்கு சுவரையும் ஒருமுறை சுற்றி வந்தாள், பென்சில் முனை தாளைத் தொடாமல். பிறகு பென்சிலை மேசையில் கிடத்தினாள்.

நெஞ்சு.

வினோதம் என்னவென்றால், ஆட்டம் பிரமாதமாகப் போய்க்கொண்டிருந்தது. பூனைக்காலுக்கு நீச்சல் தெரியாது. வாசு அதை மூன்று வருஷத்துக்கு முன் வேடிக்கைக்காக எழுதிவைத்திருந்தான். இப்போது அவன் குரலில் வேடிக்கை இல்லை. "மலையா, நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தச் சந்தையில உன் மோதிரத்த திருடுனது நான்தான்."

எப்போதும் தலையாட்டுகிற சிவநேசன் பேசினான். "தெரியும்."

"தெரியுமா? எப்பருந்து?"

"அன்னிக்கே. நீ திருப்பித் தருவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

வாசு நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டான். "டேய் தனேஷ், சத்தியமா சொல்றேன், மூணு வருஷத்துல இதாண்டா பெஸ்ட். எப்பிடிடா எழுதுனே?"

தனேஷ் கைப்பேசியில் மணி பார்த்தான். இன்னும் கொஞ்ச நேரம்தான், ஐந்து மணியாகிவிடும், அத்தை வந்து எழுப்பிவிடுவார், அடுத்த வாரத்துக்குள் கதவை வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டான். போர்வையை மட்டும் இன்றைக்கு எடுக்காமல் சமாளித்துவிட்டால் போதும்.

"இன்னிக்கி முடிக்கிறப்ப போர்வ எடுக்கல, சரியா? சஸ்பென்ஸ். அடுத்த வாரம் சேத்து எடுப்போம்" என்று போகிற போக்கில் சொன்னான்.

"ஓ, சரிலா" என்றான் வாசு. ரமணி வெள்ளைப் பலகையில் இருந்த அல்ஜிப்ராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிவியில் நீலக்கோடு கழுத்தைத் தொட்டது. மணி நான்கு இருபத்தைந்து.

"பூனைக்கால் முங்குறான்" என்றான் வாசு மெதுவாக.

சிவநேசன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான். மலையனின் தாளை எடுத்துத் தனக்கு முன் நேராக வைத்தான். மூன்று வருஷம் அழித்து அழித்து எழுதிய தாள். ஓரமெல்லாம் பஞ்சாகிப் போயிருந்தது. "மலையன் அடியில போயி நிக்கிறான். பூனைக்கால தோள்ல ஏத்திக்கிறான். மின்மினி அவன் கையப் புடிச்சிக்கட்டும். வழி எங்கியோ இருக்கு, தனேஷ் வச்சிருப்பான். அவங்க கண்டுபுடிக்கிற வரைக்கும் நான் மூச்சடக்கி நிக்கிறேன்."

"டேய், நீ செத்துருவேடா" என்றான் வாசு.

"பரவால்ல. இந்த மாதிரி ஒரு கதையில சாவலாம்." பகடையை உள்ளங்கையில் குலுக்கினான். "எவ்ளோ வேணும் தனேஷ்?"

தனேஷ் அவன் கையைப் பார்த்தான். ஒரு பொத்தானை அழுத்தியதற்காக, ஒரு மீ கோரெங் ஆறுவதற்குள் படிக்காமல் விட்ட ஓர் அறைக்காக, இவன் மூன்று வருஷத்தைக் கொடுக்கப் போகிறான். அதுவும் நம்பிக்கொண்டு.

"உருட்டாத."

"ஏன்?"

"உருட்டாத சிவா. வழி இல்ல."

"இருக்குடா, யோசிச்சா..."

"இல்லடா. வழியே இல்ல. மெஷின் கதவு வைக்கல. நான் பாக்கல."

லேப்டாப்பை இழுத்து, ஒரே தட்டில் போர்வையை எடுத்தான். டிவி முழுக்க வெளிச்சமாயிற்று. ஒன்பது அறைகள். எட்டு அறைகளுக்கு நடுவே அழகான வழிகள், வளைவுகள், கதவுகள். கீழ் மூலையில் ஒரு சதுரம், சுற்றிலும் கறுப்புக்கோடு, அதற்குள் மூன்று சின்னப் பொம்மைகள்.

வாசு முதலில் சிரித்தான். யாரும் கூடச் சிரிக்காததால் பாதியில் நிறுத்திக்கொண்டான். சிவநேசன் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய், அந்தச் சதுரத்தின் நான்கு ஓரத்தையும் விரலால் தடவிப் பார்த்தான்.

"ஒரு மாச வேலன்னு சொன்னே" என்றாள் ரமணி.

"நேத்து. சாப்பாட்டு டைம்ல. சாரி ரமணி. மெஷின் யூஸ் பண்ணமாட்டேன்னு சொல்லிட்டு..."

"மெஷின விடு. பேரு வைக்க நானே அதத் தட்டியிருக்கேன். நீ அதப் படிக்கக்கூட இல்லையேடா. நீயே படிக்காத ஒண்ணுக்குள்ள எங்கள எறக்கி விட்டுட்டு, மேல நின்னு வேடிக்க பாத்துக்கிட்டிருக்கே. ஒரு மணி நேரமா. இவன் சாகுற வரைக்கும்."

"வேடிக்க பாக்கல. நானும் உள்ள மாட்டிக்கிட்டுத்தான் இருந்தேன்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ போயிருவே."

"ஆமா, போறேன்."

பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். படியில் அவள் இறங்கும் சத்தம் கேட்டது. கிரில் ஒருமுறை குலுங்கியது. மறுபடி, இன்னும் கோபமாகக் குலுங்கியது. பூக்கடைக்காரரின் குரல் என்னவோ கேட்டது. மேலே மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். வாசு புஷ்பவல்லி அத்தைக்கு ஃபோன் போட்டான். கோயிலில் ஃபோனை எடுக்கமாட்டார் என்று அவனே சொல்லிக்கொண்டு வைத்தான்.

நான்கு முப்பத்தைந்துக்கு ரமணி மேலே வந்தாள். வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"அத்தை வர்ற வரைக்கும் நிக்கப் போறியா? ஒக்காரு லா" என்றான் வாசு.

அவள் உட்காரவில்லை. சிவநேசன்தான் வாயைத் திறந்தான்.

"நாங்க இன்னும் தண்ணிக்குள்ளதான் இருக்கோம்."

"அதான் எல்லாம் போச்சே" என்றான் வாசு.

"கதை போச்சு. மலையன் இன்னும் மூச்சடக்கிக்கிட்டுத்தான் நிக்கிறான். அவனுக்கு என்ன ஆவுதுன்னு யாராச்சும் சொல்லணும்ல?"

தனேஷ் நிமிர்ந்தான். "நான் சொல்றேன். இப்பவே ஒரு கதவு..."

"நீ வேணாம்" என்றாள் ரமணி.

வந்து அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். அவன் எழுந்தான். அவள் உட்கார்ந்தாள். லேப்டாப்பை மூடித் தள்ளி வைத்தாள். டிவி நீலமாகி, சிக்னல் இல்லை என்றது. தான் வரைந்த நான்கு சுவர்த் தாளை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டாள். தனேஷ் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றான். மூன்று வருஷத்தில் அவன் இந்த மேசையை வேறு பக்கத்திலிருந்து பார்த்ததே இல்லை.

"அந்தப் பக்கம் போயி ஒக்காரு."

போய் வாசுவுக்கும் சிவநேசனுக்கும் நடுவில் உட்கார்ந்தான். சுவர் முதுகில் இடித்தது.

"மூச்ச விடாத மலையா, இன்னும் கொஞ்ச நேரம்" என்று ரமணி ஆரம்பித்தாள். குரல் இன்னும் கோபத்தில்தான் இருந்தது, ஆனால் நிதானமாக வந்தது. "பூனைக்கால் ஒன் தோள்ல நின்னு இருட்டுல கைய வீசுறான். கையில என்னவோ படுது. பாற இல்ல. துணி. துணிக்குள்ள ஆளு. அந்த மூலையில இவ்ளோ நேரமா ஒருத்தன் சத்தமே போடாம செவுத்தோட ஒட்டிக்கிட்டு இருந்திருக்கான்."

"ஐயோ!" என்று வாசு நிஜமாகவே துள்ளினான்.

ரமணி தனேஷைப் பார்த்தாள். "யாரு நீ?"

ஒரு பெயர் வந்தது. மெஷின் போன மாதம் கொடுத்த பெயர். இன்னொன்று வந்தது. அதுவும் மெஷினுடையது. மூன்றாவதாக வந்ததை நேற்று அவனே தமிழாக்கியிருந்தான். மூன்று பேரும் காத்திருந்தார்கள். அடுத்த ஞாயிறு அந்த நாற்காலி தனக்கு இல்லை என்பது யாரும் சொல்லாமலே அவனுக்குப் புரிந்தது. அதற்கடுத்த ஞாயிறும் இருக்காது. இந்தப் பக்கத்து நாற்காலியையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் என்றால், இப்போது தனக்கே சொந்தமாக ஒன்று சொல்லியாக வேண்டும்.

"பேரு தெரியல" என்றான்.

"பேரு தெரியாதவனா? சரி. எப்பிடி உள்ள வந்தே?"

"நானேதான் வந்தேன். மூடியத் தொறந்து. திரும்பிப் போக வழி இருக்கான்னு பாக்காம."

வாசு ஏதோ சொல்ல வந்து, சிவநேசன் முழங்கையால் இடித்ததும் அடங்கினான். ரமணி தாளின் மூலையில் ஒரு சின்ன வட்டம் போட்டாள்.

"தண்ணி ஒனக்கு எது வரைக்கும் இருக்கு?"

இந்தக் கேள்விக்குக் கைப்பேசியில் பதில் இல்லை. தனேஷ் கண்ணை மூடிக்கொண்டான். முதுகில் சுவர் சில்லென்று இருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, இருட்டுதான். பிறகு தண்ணீர் மூக்குக்குக் கீழே வந்து தட்டியது. அதில் மேலே இருக்கும் ரயில் பட்டறையின் டீசல் நாற்றம் அடித்தது.

"ஒதடு வரைக்கும்" என்றான். "எக்கி நிக்கிறேன். கால் வலிக்குது."

"நல்லா எக்கு" என்று சொல்லிவிட்டு ரமணி பகடையை அவன் பக்கம் உருட்டிவிட்டாள்.